"இயல்பைவிட அதிகம்" என்றால் நம் கடற்கரைக்கு எவ்வளவு? வடகிழக்குப் பருவமழை முன்னறிவிப்பைப் படிக்கும் முறை

கேள்வி இதுதான்: அக்டோபர் பிறந்ததும் "இந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட அதிகம்" என்றோ "இயல்பு" என்றோ ஒரு வரி வந்துவிடுகிறது. தமிழகக் கடலோர மாவட்டத்தில் வீடும் வயலும் படகும் வைத்திருப்பவர் அதை வைத்து என்ன முடிவு எடுக்கலாம்? எல் நினோ ஆண்டு என்றால் வெள்ளம் உறுதியா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: உறுதி இல்லை. முதல் கேள்விக்கு: அந்த ஒரு வரியை வைத்துச் செய்யக்கூடிய ஏற்பாடுகள் சில உண்டு. ஆனால் உங்கள் ஊரில் வெள்ளமா வறட்சியா என்பதை அது சொல்லாது. காரணம் அந்த வரியின் உள்ளேயே இருக்கிறது.

இந்திய வானிலை ஆய்வு மையம் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குமாக வெளியிடும் பருவ முன்னறிவிப்பு "தென் தீபகற்ப இந்தியா" என்ற பெரிய பரப்புக்கானது. தமிழகம், புதுச்சேரி, காரைக்கால் சேர்ந்து ஒரு உட்கோட்டம், அதாவது மழைக் கணக்குக்காகப் பிரித்த ஒரு பகுதி. அதோடு கடலோர ஆந்திரம், ராயலசீமா, கேரளம், தென் உள் கர்நாடகம் ஆகியவற்றையும் சேர்த்து ஐந்து. இந்த ஐந்துக்குமான நீண்டகாலச் சராசரி சுமார் 334 மி.மீ. அதில் 88 முதல் 112 சதவீதம் வரை பெய்தால் "இயல்பு". தமிழகத்துக்கு மட்டும் எடுத்தால் சராசரி சுமார் 44 செ.மீ. நாகப்பட்டினம் மாவட்டத்தில் அது 90 செ.மீட்டரை ஒட்டி வரும். தூத்துக்குடியில் அதில் பாதிதான். கேரளத்தில் நன்றாகப் பெய்து நாகையில் பொய்த்தாலும் மொத்தக் கணக்கு "இயல்பு" என்றே முடியலாம். ஆகவே செய்தியில் வரும் வரியை விட்டுவிட்டு, அதே அறிக்கையோடு வரும் வரைபடத்தைப் பாருங்கள். அதில் உங்கள் கடற்கரைக்கு என்ன நிறம் என்பதுதான் உங்களுக்கு உரிய தகவல்.

அந்த வரைபடத்தைப் படிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மழையை மூன்று சம பங்காகப் பிரிக்கிறார்கள்: குறைவு, இயல்பு, அதிகம். எந்தத் தகவலும் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு. உங்கள் பகுதிக்கு "அதிகம்" 50 சதவீதம் என்று போட்டிருந்தால், 33 என்பது 50 ஆகியிருக்கிறது என்று பொருள். இன்னொரு பாதி வாய்ப்பு அதிகமாகப் பெய்யாமல் இருப்பதற்கு. வெள்ளையாக விடப்பட்ட இடத்தில் மழை இல்லை என்று சிலர் படிக்கிறார்கள். அது தவறு, அங்கே வானிலையைக் கணிக்கும் கணினி மாடல்களால் எந்தப் பக்கமும் சாய முடியவில்லை என்பதுதான் வெள்ளை நிறத்தின் பொருள்.

இனி எல் நினோ. பசிபிக் கடலின் நடுப்பகுதியில் நிலநடுக்கோட்டை ஒட்டி (170 மேற்கு முதல் 120 மேற்கு வரை) கடல் மேற்பரப்பு இயல்பைவிட 0.5 டிகிரிக்கு மேல் சூடாகி மாதக்கணக்கில் நீடித்தால் எல் நினோ. அதே அளவு குளிர்ந்தால் லா நினா. தென்மேற்குப் பருவமழைக்கு எல் நினோ பொதுவாகக் கெடுதல். வடகிழக்குப் பருவமழைக்கு அது பொதுவாகச் சாதகம். இந்தத் தலைகீழ் உறவு பலருக்குக் குழப்பம் தருகிறது. எல் நினோ ஆண்டில் இந்தோனேசியப் பக்கம் காற்று கீழிறங்கி மேகங்கள் அடங்குகின்றன. இந்தியப் பெருங்கடலில் கிழக்குக் காற்று வலுக்கிறது. தென் வங்கக் கடலின் ஈரம் இலங்கை, தமிழகம் பக்கமாகத் தள்ளப்படுகிறது. இதோடு இந்தியப் பெருங்கடல் இருமுனை நேர்மறையாக இருந்தால், அதாவது ஆப்பிரிக்கக் கரையோரக் கடல் சூடாகவும் சுமத்ரா பக்கக் கடல் குளிர்ந்தும் இருந்தால், தள்ளுவிசை இன்னும் கூடும். ஆனால் இருமுனையின் பிடி டிசம்பருக்குள் தளர்ந்துவிடும். பருவத்தின் பின்பாதிக்கு அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

இது ஒரு சாய்வுதான், விதி அல்ல. நடந்த ஆண்டுகளே அதைச் சொல்கின்றன. 2015 வலுவான எல் நினோ. தமிழகத்தில் இயல்பைவிட 50 சதவீதத்துக்கு மேல் அதிக மழை, டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. பாடப்புத்தகம் சொன்னபடியே நடந்தது. 2016-ல் பசிபிக் லா நினா பக்கம் சாய்ந்தது, இருமுனையும் எதிர்மறை. மாநிலத்துக்குக் கிடைத்தது 168 மி.மீ. மட்டுமே, 62 சதவீதம் குறைவு. அதுவும் பாடப்புத்தகம்தான். ஆனால் 2021-ஐப் பாருங்கள்: லா நினா ஆண்டு, அப்படியிருந்தும் இயல்பைவிடச் சுமார் 60 சதவீதம் அதிகம். அந்தப் பருவத்தில் ஒரு புயல்கூடத் தமிழகக் கரையைக் கடக்கவில்லை. காற்றழுத்தத் தாழ்வுகளும் தாழ்வு மண்டலங்களுமே அத்தனையையும் கொட்டின. 2023-ல் எல் நினோ, நேர்மறை இருமுனை என இரண்டும் கைகோத்திருந்தன. மாநில மொத்தமோ இயல்பை ஒட்டியே முடிந்தது.

அந்த 2023-ஐ இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மொத்தக் கணக்கு எதை மறைக்கிறது என்பது அங்கே துலக்கமாகத் தெரிகிறது. டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னைக்குக் கிழக்கே கடலிலேயே மெல்ல நகர்ந்து, தமிழகக் கரையைத் தொடாமல் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது. கரையைத் தொடாத அந்தப் புயலில்தான் சென்னை மூழ்கியது. இரண்டு வாரம் கழித்து, குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி. புயல் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை, பெயரும் கிடையாது. டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. ஆண்டு முழுதும் அங்கே பெய்யும் மழையைவிட அதிகம் அது. அக்டோபர் மாதத்து எந்தப் பருவ முன்னறிவிப்பாலும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

எதிர்த்திசைப் பாடமும் உண்டு. மழை பொய்த்த 2016-ல்தான் டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்து ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. மாநில மழை இயல்பைவிட 24 சதவீதம் குறைந்த 2018-ல்தான் நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி டெல்டாவின் தென்னந்தோப்புகளை அழித்தது. "இந்த ஆண்டு மழை குறைவு" என்ற முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு ஓட்டுக்கூரையைக் கட்டாமல் விடுவதும், படகை மேட்டில் ஏற்றாமல் விடுவதும் பெரிய தவறு. பருவ முன்னறிவிப்பு மழையின் கூட்டுத்தொகையைப் பற்றியது. புயலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

கூட்டுத்தொகையைத் தீர்மானிப்பது எத்தனை நாள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சென்னையில் மூன்று மாதத்தில் மழைநாள் என்று கணக்கில் வருபவை சராசரியாக முப்பதுக்கும் குறைவு. அதிலும் நான்கைந்து நாட்கள்தான் பருவத்தின் தலையெழுத்தை எழுதுகின்றன. வங்கக் கடலில் உருவாகும் இரண்டு மூன்று சுழல்கள் (காற்றழுத்தத் தாழ்விலிருந்து புயல்வரை) எந்தப் பக்கம் போகின்றன என்பதே கதை. ஒரு புயல் வடக்கே ஒடிசா, வங்கதேசம் பக்கம் வளைந்து போனால் ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அதன் பின்னால் வட இந்தியாவின் வறண்ட காற்று இறங்கி, தமிழகக் கரையில் ஒரு வாரம், பத்து நாள் வெயில் அடிக்கும். நவம்பரில் வானம் திடீரென நீலமாகத் துலங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். அதே சுழல் கரைக்கு அருகே வந்து நகராமல் நின்றுவிட்டால் நிலைமை வேறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி அங்கேயே நின்றது. புதுச்சேரியில் 48 செ.மீ. பதிவாயிற்று. காற்றின் வேகத்தில் அது கடுமையான புயல் அல்ல. நகராமல் நின்றதுதான் கெடுதல். புயல் செய்தியில் எல்லோரும் காற்றின் வேகத்தைக் கேட்கிறார்கள், மழைக்கு முதலில் கேட்க வேண்டியது "மணிக்கு எத்தனை கி.மீ. வேகத்தில் நகர்கிறது?" என்பதை. அது 5 கி.மீ. என்றால் கவலைப்படுங்கள்.

நாட்காட்டிக்கும் ஒரு போக்கு உண்டு. பருவம் தொடங்கும் சராசரித் தேதி அக்டோபர் 20, ஒரு வாரம் முன்பின் ஆகலாம். மழையின் உச்சம் வடக்கிலிருந்து தெற்கே இறங்கும்: சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டுக்கு அக்டோபர் பின்பாதியும் நவம்பரும், கடலூர், நாகை, டெல்டாவுக்கு நவம்பரும் டிசம்பர் முன்பாதியும், ராமநாதபுரம், தூத்துக்குடி, நெல்லைக்கு டிசம்பர் கடைசிவரை. "கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்ற பழமொழி வட கடலோரத்துக்கு ஓரளவு பொருந்தும். தென் கடலோரத்துக்குப் பொருந்தாது. காயல்பட்டினத்து மழை பெய்தது மார்கழி பிறந்த அன்று. கடலூரைத் தாக்கிய தானே புயல் 2011 டிசம்பர் 30-ல் வந்தது. டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் சாய்ந்து முளைத்ததும் தாமிரபரணியில் வெள்ளம் வந்ததும் 2021 ஜனவரி நடுவில், பொங்கலை ஒட்டி.

அக்டோபர் வரியை ஓரத்தில் வைத்துவிட்டு, அடுத்த படிக்கு வாருங்கள். வானிலை மையம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அடுத்த நான்கு வாரங்களுக்கான கணிப்பு வெளியிடுகிறது. முதல் இரண்டு வாரத்தை நம்பலாம், மூன்றாவதைக் கண்ணில் வைத்துக்கொள்ளலாம், நான்காவதை வைத்து எந்த முடிவும் வேண்டாம். இந்தக் கணிப்புக்குப் பின்னால் நிற்பது எம்ஜேஓ (மேடன்-ஜூலியன் அலைவு) எனப்படும் மேகக்கூட்டத்தின் பயணம். 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்கே உலகைச் சுற்றும் அது, இந்தியப் பெருங்கடலுக்கு மேல் இருக்கும்போது (அதன் பாதையைப் பிரித்திருக்கும் எட்டுக் கட்டங்களில் 2, 3, அதை ஒட்டி 4) வங்கக் கடலில் சுழல்கள் உருவாக வாய்ப்பு கூடும். பசிபிக் பக்கம் போய்விட்டால் இங்கே ஓய்வு. நல்ல எல் நினோ ஆண்டிலும் நவம்பர் நடுவில் இரண்டு வாரம் மழையே இல்லாமல் போவதற்குக் காரணம் பல சமயம் இதுதான். "பருவமழை பொய்த்துவிட்டது" என்று அப்போது முடிவுகட்டிவிட வேண்டாம்.

ஐந்து நாளுக்குள் வந்துவிட்டால் அறிக்கையின் சொற்களைச் சொல் சொல்லாகப் படியுங்கள். "ஓரிரு இடங்களில்" என்றால் மழைமானி நிலையங்களில் கால்வாசிக்கு மேல் மழை இராது. "ஒருசில இடங்களில்" என்றால் கால்வாசியிலிருந்து பாதிவரை. "கனமழை" என்பது 24 மணி நேரத்தில் 64.5 மி.மீட்டருக்கு மேல், 115.6-க்கு மேல் மிகக் கனமழை, 204.5-க்கு மேல் அதி கனமழை. ஆக, "மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மிகக் கனமழை" என்றால் உங்கள் தெருவில் தூறல்கூட இல்லாமல் பத்து கி.மீ. தள்ளி 15 செ.மீ. கொட்டலாம், முன்னறிவிப்பு பொய்யாகவில்லை. மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். மழையளவு எப்போதும் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. செவ்வாய் இரவு பெய்த மழை புதன்கிழமைக் கணக்கில்தான் வரும். செய்திகளில் தேதி குழம்புவது இதனால்தான்.

ஐரோப்பிய மாடலும் அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாடலும் ஐந்து நாள் முன்னால் வேறு வேறு இடத்தில் புயலைக் காட்டுவது வழக்கம். அதில் பயங்கரமான படத்தை மட்டும் எடுத்துப் பகிர்வது நல்லதல்ல. இரண்டும் ஒரே இடத்துக்கு நெருங்கி வருகின்றனவா என்று தொடர்ந்து இரண்டு மூன்று ஓட்டங்களை (மாடலைப் புதிதாக இயக்கும்போது கிடைக்கும் கணிப்புகளை) பாருங்கள். மூன்று நாளுக்குள் இரண்டும் ஒத்துப்போனால் நம்பத் தொடங்கலாம்.

கடலோரத்துக்கே உரிய ஒரு மழை இருக்கிறது. எந்த மாடலிலும் சரியாகப் பிடிபடாதது. இரவில் நிலம் குளிர்ந்து, தரைக்காற்று கடலை நோக்கி மெல்ல வீசும். எதிரே ஈரமான கொண்டல், அதாவது கிழக்குக் காற்று, வரும். இரண்டும் கரையை ஒட்டி முட்டிக்கொள்ளும் இடத்தில் மேகம் எழும். நள்ளிரவு தாண்டி ரேடார் படத்தைத் திறந்தால், கடலில் கரைக்கு இணையாகச் சிறு சிறு பொட்டுகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றும் கரையைத் தொட்டு இருபது நிமிடம் கொட்டிவிட்டு உள்ளே போய்க் கரையும். விடியலில் பெய்துவிட்டு ஒன்பது மணிக்கு வெயில் அடிக்கும். இருபது கி.மீ. உள்ளே ஒரு துளி இருக்காது. இந்த மழைக்கு அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கையும் சென்னை, காரைக்கால், ஸ்ரீஹரிகோட்டா ரேடார் படங்களுமே துணை.

வெள்ளம் என்று வரும்போது மழையளவு பாதிக் கணக்குதான். மீதிப் பாதி கடல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் (கடல்நீர் ஏற்றம்) உயர்ந்திருக்கும். புயல் காற்று கடல்நீரைக் கரையில் ஏற்றியிருக்கும். ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் மணல் அடைத்திருக்கும். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே ஆற்றுநீர் கடலில் இறங்காமல் எதிர்த்துத் திரும்பும். அதே 15 செ.மீ. மழை ஒரு வாரம் தள்ளிப் பெய்திருந்தால் வடிந்துபோயிருக்கும். எனவே சிவப்பு எச்சரிக்கை வந்ததும் ஓத அட்டவணையையும் சேர்த்துப் பாருங்கள். புயல் மேற்கு நோக்கி வந்து கரையேறும் இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசும். நீரேற்றம் அந்தப் பக்கம்தான். தெற்கே காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். இருபது முப்பது கி.மீ. வித்தியாசத்தில் ஒரு குப்பத்துக்குள் கடல் புகுவதும் அடுத்த குப்பத்தில் கடல் உள்வாங்குவதும் இதனால்தான்.

மீனவர்களுக்கு மழை அறிக்கையைவிடக் காற்று அறிக்கையே முக்கியம். "மணிக்கு 35 முதல் 45 கி.மீ., இடையிடையே 55 கி.மீ. வேகத்தில்" என்று வந்தால், அது புயல் இல்லாவிட்டாலும் கடலுக்குப் போகத் தடை. டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்று வலுத்து, சுழல் எதுவும் இல்லாமலே மன்னார் வளைகுடாவில் இப்படி ஆகும். அலை உயரத்துக்கு இன்காய்ஸ் (இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம்) கணிப்பைப் பாருங்கள். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டில் 1, 2 என்றால் தொலைவில் கடலில் சுழல். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம். 5 முதல் 7 வரை ஆபத்து. 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

வயலுக்கு வருவோம், பருவ முன்னறிவிப்பு உண்மையிலேயே உதவும் இடம் இது. "அதிகம்" பக்கம் தெளிவாகச் சாய்ந்திருந்தால், தாழ்வான டெல்டா நிலத்தில் சிஆர் 1009 சப் 1 போன்ற இரண்டு வாரம்வரை மூழ்கலைத் தாங்கும் நெல் ரகம் சரியான தேர்வு. ஆனால் பருவ அறிக்கை வருவதற்குள் நாற்று விட்டிருப்பீர்கள். ஆகவே ஆகஸ்டிலேயே எல் நினோ, இருமுனைச் செய்திகளைப் பார்த்துவிடுவது நல்லது. வடிகால் வாய்க்காலை அக்டோபர் 10-க்குள் வெட்டிவிடுங்கள். பயிர்க் காப்பீட்டைக் கடைசி நாள்வரை தள்ளிப்போட வேண்டாம். சம்பாவுக்குப் பெரும்பாலும் நவம்பர் நடுவில் கெடு முடிகிறது, அதே வாரத்தில்தான் புயலும் வருகிறது. மூழ்கிய இளம்பயிரில் நீர் முழுதும் வடிந்த பிறகே மேலுரம்: ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ மூன்றையும் ஓர் இரவு கலந்து வைத்து, காலையில் பொட்டாஷ் 17 கிலோ சேர்த்து இடுங்கள். தண்ணீர் நிற்கும்போதே யூரியா வீசினால் அது வாய்க்காலோடு போய்விடும்.

வீட்டுக்கு ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 5 செ.மீ. பெய்தால் சுமார் 4,600 லிட்டர். மழைநீர்க் குழாயின் வடிகட்டியில் சருகு அடைத்திருந்தால் அத்தனையும் மாடியில் தேங்கி 4.6 டன் எடையாக நிற்கும். செப்டம்பர் கடைசியில் வடிகட்டிச் சல்லியை எடுத்துக் கழுவிப் போடுங்கள். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட்டு, அடுத்ததிலிருந்து கிணற்றுக்கோ தொட்டிக்கோ திருப்புங்கள். உங்கள் தெருவின் மழையை நீங்களே அளக்க, வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான பாத்திரமும் ஸ்கேலும் போதும். மரத்துக்கும் சுவருக்கும் தள்ளி வைத்துக் காலை 8.30-க்கு அளந்து குறித்து வையுங்கள். வாய் அகன்ற வாளியில் அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.

ஜனவரி, பிப்ரவரியைத்தான் வானிலை மையம் முறைப்படி குளிர்காலம் என்கிறது. கடலோரத்தில் குளிர் என்பது 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். கடல் அதற்குமேல் இறங்க விடாது. சென்னையில் அதிகாலை மூடுபனியும் போகிப் புகையும் ஒன்றாகப் படிந்து நிற்பதற்குக் காரணம் காற்றின் வேகம் குறைந்து, தரைக்கு அருகே குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடிபோல அமர்ந்துவிடுவதே. வெயில் ஏறினால்தான் கலையும். கிழக்குக் காற்று தளர்ந்து, கடலோரத்தில் காலைப் பனி தொடர்ந்து விழத் தொடங்கி, தென் வங்கக் கடலில் ஒரு வாரத்துக்குப் புதிய சுழல் எதுவும் தெரியாவிட்டால் பருவம் விலகுகிறது என்று கொள்ளலாம். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் பாத்தி சீரமைக்கத் தொடங்குவது அதன் பிறகுதான். டெல்டாவில் அறுவடை நெல்லைக் களத்தில் பரப்பும் முன் அந்த ஒரு வார அறிக்கையை மறுபடி பாருங்கள்.